லேஸ், ஃப்ரில், பொத்தான்: பிள்ளைகளின் உடுப்பில் பிழை வந்தால் எங்கே பார்ப்பது

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து தைக்கிற என்னிடம் திருத்த வரும் பிள்ளைகளின் உடுப்புகளில் வெட்டும் அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது மேலே வைத்த அலங்காரம்தான். லேஸ் சுருங்கியிருக்கும், ஃப்ரில் ஒரு பக்கம் குவிந்திருக்கும், ஓரத்தில் வைக்கிற மெல்லிய சிவப்புப் பட்டியான பைப்பிங்கின் சாயம் வெள்ளைத் துணிக்குள் இறங்கியிருக்கும். ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருவதால், நான் பார்க்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன். உங்கள் சட்டைக்கு என்ன வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். புதுத் துணியும் வெளியாளும் கடைசியில்.

எந்தப் பிழையானாலும் முதலில் சட்டையை உட்பக்கம் புரட்டி யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நூல் இறுகியிருக்கிறதா, பின்னால் தாங்குதுணி இருக்கிறதா, ஓரம் பிரிகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பக்கத்தில் தையல் பிரிக்கிற கருவி, அளவு நாடா, ஒரு வெள்ளைக் கொட்டன் துண்டு, ஒரு காந்தம் இருந்தால் காணும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டி நிறுக்கிற கைத்தராசு ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அதையும் எடுத்து வையுங்கள், பொத்தானுக்குத் தேவைப்படும்.

லேஸ் வைத்த ஓரம் அலை அலையாக நிற்கிறது

"கழுவ முதல் வடிவாத்தான் இருந்தது அக்கா" என்ற பேச்சோடுதான் இந்தச் சட்டை வரும். முதலில் ஈரம் தெளித்து அயன் பண்ணிப் பாருங்கள். சில நேரம் வேறு எதுவுமே இல்லை, காய்ந்த விதம்தான் காரணம். கொட்டன் லேஸ் சூட்டைத் தாங்கும். நைலோன் என்றால் மேலே ஒரு துணி போட்டு, குறைந்த சூட்டில்.

அயனுக்கும் சரிவராவிட்டால் உற்றுப் பாருங்கள். லேஸ் இழுபட்டு இறுக்கமாக நிற்க, அதன் பக்கத்துத் துணி சுருக்கம் சுருக்கமாக இருக்கிறதா? அப்படியென்றால் லேஸின் நீளம் குறைந்துவிட்டது. துணி தட்டையாக இருக்க, லேஸ் மட்டும் நெளிகிறதா? அப்படியென்றால் துணிதான் சுருங்கியிருக்கிறது. நைலோன், பொலியெஸ்ரர் லேஸ் சாதாரணக் கழுவலில் சுருங்காது, கழுவாமல் வெட்டிய கொட்டன் துணி சுருங்கும்.

எது என்று பிடிபடாவிட்டால் ஓரிடத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்குத் தையலைப் பிரியுங்கள். பிரித்த இடத்தில் துணியும் லேஸும் தனித்தனியே தட்டையாகக் கிடந்தால் குற்றம் நூலில்தான். மெசினில் மேல் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, தையல் நீளத்தை 2.5 முதல் 3 மில்லிமீற்றர் ஆக்கித் திரும்பத் தையுங்கள். மெல்லிய வொயில் துணிக்கு 9 அல்லது 11ஆம் இலக்க ஊசி. 14ஆம் இலக்க ஊசியால் வொயிலைத் தைத்தால் ஊசி குத்திய இடமெல்லாம் இழை இழுபடும்.

பிரித்தவுடன் லேஸ் சுருண்டு உள்ளே போனால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். தைக்கும்போது கையால் இழுத்துக்கொண்டே போயிருப்பீர்கள், அல்லது லேஸ் கழுவலில் சுருங்கியிருக்கும். வாங்கிய லேஸில் மிச்சம் இருந்தால் 30 சென்ரிமீற்றர் வெட்டிச் சுடுநீரில் ஊறவிட்டுக் காயவைத்து அளந்து பாருங்கள். ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறைந்தால் அது நூற்றுக்கு 5. கீழ்ச்சுற்று 240 சென்ரிமீற்றர் உள்ள சட்டையில் 12 சென்ரிமீற்றர் காணாமல் போகும் கணக்கு அது. எந்த அயனும் அதைத் திருப்பித் தராது.

அப்படியானால் லேஸை முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டியதுதான். சுருங்கியது இனிச் சுருங்காது என்பதால் அதே லேஸைத் திரும்பவும் வைக்கலாம். குறைகிற நீளத்துக்குப் பக்கத் தையல் வருகிற இடத்தில் ஒரு துண்டு ஒட்டுப் போடுங்கள். லேஸின் பூ வேலைக்கு நடுவில் வெட்டாமல், பூ முடிகிற இடத்தில் வெட்டி ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கையால் தைத்தால் யாருக்கும் தெரியாது.

காலி, வெலிகமப் பக்கத்துக் கையால் பின்னிய பீரலு லேஸ் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அது கொட்டன் நூல். கட்டாயம் ஊறவிட்டுக் காயவைத்த பிறகே வையுங்கள். மெசினால் தைக்கவே வேண்டாம். சிறிய கைத்தையலில் பிடித்தால், பிள்ளை வளர்ந்ததும் சேதமில்லாமல் கழற்றி அடுத்த சட்டைக்கு மாற்றலாம்.

லேஸ் கொட்டனா நைலோனா என்று கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம், அதுவும் பமுணுவவிலும் புறக்கோட்டையிலும் கார்மன்ட் மிச்சமாக வாங்கினால். இரண்டு சென்ரிமீற்றர் துண்டை இடுக்கியால் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நெருப்பில் காட்டுங்கள். கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலானால் கொட்டன். உருகிக் கடினமான மணியாக இறுகினால் நைலோன் அல்லது பொலியெஸ்ரர்.

வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சாயம் இறங்கிவிட்டது

இதில் நேரம்தான் முக்கியம். ஈரமாக இருக்கும்போதே கண்டால் பாதி வெற்றி. காயவிட வேண்டாம், அயன் பண்ணவே வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் வருவது நிற்கும்வரை அலசுங்கள்.

அலசியும் இளஞ்சிவப்பு நின்றால், முழு வெள்ளைக் கொட்டனுக்கு ஒட்சிசன் வகை வெளிற்றித் தூளில் ஊறவிடலாம். முதலில் சிவப்புப் பைப்பிங்கின் உள் ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். குளோரின் வெளிற்றித் திரவத்தை லேஸ், இலாஸ்ரிக், பட்டு இருக்கிற உடுப்பில் ஊற்ற வேண்டாம். நைலோனும் இலாஸ்ரிக்கும் மஞ்சளாகி நலிந்து போகும், பட்டு அரித்துப் போகும்.

உப்பும் வினாகிரியும் போட்டு ஊறவிட்டால் சாயம் நிற்கும் என்று அம்மம்மா காலத்திலிருந்து சொல்கிறார்கள். கடையில் சாயமிட்டு வாங்குகிற கொட்டனுக்கு அது வேலை செய்யாது. நிற்கவேண்டிய சாயம் ஆலையிலேயே நின்றிருக்கும், மிச்சமாய் ஒட்டியிருப்பது போகத்தான் செய்யும். அதைத் தைக்க முதலே போகவிடுவதுதான் வழி. பைப்பிங் துணியை, ரிபனை, உருவமாக வெட்டிச் சட்டையின் மேல் வைத்துத் தைக்கிற அப்ளிக் துண்டை ஈரமாக்கி, மேலே வெள்ளைக் கொட்டன் துண்டை வைத்து அயனால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் தனியாகக் கழுவித் திரும்பச் சோதியுங்கள். மூன்றாம் கழுவலிலும் ஏறினால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கடும் நிறச் சட்டைக்கு வைக்கலாம், அங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கொழும்பில் இந்தப் பிழை கூடுதலாக வருவதற்கு மழையும் ஒரு காரணம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதற்குப் பிறகு ஒக்ரோபர், நவம்பர் மழை. மாடிக் குடியிருப்பில் உள்ளே கொடி கட்டிக் காயவிடுகிற உடுப்பு ஒரு நாள் முழுக்க ஈரமாகவே நிற்கும். அவ்வளவு நேரமும் சாயம் ஊர்ந்துகொண்டிருக்கும். சிவப்பு ஓரம் கீழே வரும்படி தொங்கவிடுங்கள். கழுத்தில் சிவப்பு இருந்தால் தலைகீழாகப் போடுங்கள், அல்லது துவாயின் மேல் பரப்பி ஃபானை ஓடவிடுங்கள். மடித்துப் போட்டால் மடிப்புக்கு மடிப்பு அடையாளம் விழும்.

ட்ரை கிளீன் கடைக்குக் கொடுக்கிற கட்டம் எப்போது? பட்டு, ஓர்கன்சா, அல்லது விலை கூடிய எம்ப்ரொய்டரி உள்ள சட்டையில் சாயம் பட்டால் வீட்டில் எதுவும் ஊற்றாமல் அன்றே கொண்டுபோங்கள். எந்தப் பகுதியில் இருந்து சாயம் வந்தது, நீங்கள் ஏற்கெனவே என்ன போட்டீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெறும் பொப்ளின் சட்டைக்கு அவர்களிடம் கொடுக்கிற காசுக்குப் புதுப் பொப்ளினே வாங்கலாம்.

ஃப்ரில் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது

கீழே இருந்து சுருக்கு நூலை இழுத்துப் பங்கிட முடிகிறதா பாருங்கள். நூல் இன்னும் உள்ளே இருந்தால், குவிந்த இடத்தில் மட்டும் நிரந்தரத் தையலைப் பிரித்து நகர்த்தித் திரும்பத் தைக்கலாம். நூல் எடுத்தாகிவிட்டால் ஃப்ரில்லை முழுதாகக் கழற்ற வேண்டும்.

கழற்றிய பிறகு இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். ஃப்ரில்லையும் சட்டையின் ஓரத்தையும் நாலாக, பிறகு எட்டாக மடித்துக் குண்டூசியால் குறியிட்டு, குறிக்குக் குறி பொருத்துங்கள். சுருக்கு நூலை ஒரு வரிசையாக ஓட்டாமல், தையல் வரப்போகிற கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசையாக, 4 அல்லது 5 மில்லிமீற்றர் நீளத் தையலில் ஓட்டுங்கள். நடுவில் தைத்தால் சுருக்கங்கள் சரியாமல் நேராக நிற்கும். இந்த இரண்டாம் வரிசையைச் சோம்பலில் விடுகிறவர்களின் ஃப்ரில்தான் என்னிடம் வருகிறது.

இழுக்கும்போது நூல் அறுந்து அறுந்து போனால், ஒரு மீற்றருக்கு மேல் ஒரே இழுவையில் இழுக்காதீர்கள். வலை போன்ற நெற் துணி வகைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தூண்டில் நூலை ஓரத்தில் வைத்து, அதன் மேல் அகலமான சிக்சாக் தையல் ஓட்டுங்கள், ஆனால் தூண்டில் நூலைக் குத்திவிடாமல். பிறகு அதை இழுத்தால் எவ்வளவு நீளமானாலும் அறாது.

ஃப்ரில் ஒழுங்காகப் பங்கிடப்பட்டும் சோர்ந்து தொங்குகிறது என்றால் துணி போதாது. கொட்டனுக்கு ஓரத்தின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, வொயிலுக்கும் நெற்றுக்கும் இரண்டரை முதல் மூன்று மடங்கு வேண்டும். பட்டியை எந்தப் பக்கமாக வெட்டினீர்கள் என்பதும் முக்கியம். துணியின் அகலத்துக்குக் குறுக்கே, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வெட்டிய பட்டி நன்றாக விழும்.

இடுப்பு ஃப்ரில் கழுவியபின் மேல்நோக்கிக் கிளம்பி நிற்கிறதா? உள்ளே தையல் ஓரம் கீழ்நோக்கி மடிந்திருக்கும். அதை மேற்பகுதிப் பக்கம் மடித்து அயன் பண்ணி, வெளியே ஓரத்துக்கு 2 மில்லிமீற்றரில் ஒரு தையல் போட்டால் அமைதியாகிவிடும்.

ஸ்மோக்கிங் (சிறு மடிப்புகளை நூலால் சேர்த்துப் பிடிக்கிற வேலை) போட்ட முன்பகுதி, அதைப் பொருத்துகிற யோக்கை (தோள்பக்கத்து மேல்துண்டு) விடச் சின்னதாக வந்துவிட்டது என்றும் கேட்பார்கள். அதில் பெரும்பாலும் நூலை இறுக்கியதே காரணம். சேர்க்கிற நூல்களைத் தளர்த்தி நீராவியில் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மீளும். அதற்கு மேல் வேண்டுமானால் யோக்கைச் சிறிதாக்குவதே சுகம். ஸ்மோக்கிங்கைப் பிரித்துத் திரும்பப் போடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

எம்ப்ரொய்டரிப் பூவைச் சுற்றித் துணி சுருங்கி நிற்கிறது

பூவைக் கீழ்நோக்கி வைத்து, அடியில் மொத்தமான துவாய் போட்டு, ஈரத்தோடு அயன் பண்ணுங்கள். கைவேலையில் வந்த சுருக்கங்களில் பல இதற்கே போய்விடும்.

போகாவிட்டால் பின்பக்கம் பாருங்கள். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் நீளமாகப் பாய்ந்து இறுகியிருக்கிறதா? அதை நடுவில் வெட்டி, இரு நுனிகளையும் பக்கத்துத் தையலுக்குள் புகுத்தி முடியுங்கள். துணி உடனே மூச்சு விடும். வெளிர் துணியில் இந்தப் பாயும் நூல் முன்பக்கம் நிழலாகவும் தெரியும், அதனாலும் வெட்டுவது நல்லது.

நூலும் சரி என்றால் தாங்குதுணி இல்லாமல் செய்திருப்பீர்கள். வொயிலிலும் ரீசேட் துணியிலும் பின்னால் ஒட்டுத்துணியோ கான்வஸோ இல்லாமல் அடர்த்தியான பூ போட்டால் எந்தக் கைக்கும் சுருங்கும். வளையத்தில் துணியை மேளத்தோல் போல இழுத்துக் கட்டியிருந்தாலும் அதே பிழைதான். வளையத்தைக் கழற்றியதும் துணி தன் அளவுக்குத் திரும்பும், பூ திரும்பாது. முடிந்த வேலைக்குப் பின்னால் இனிக் கான்வஸ் ஒட்டினாலும் சுருக்கம் போகாது. அதன் மேல் ஒரு அப்ளிக் துண்டு வைத்து மறைப்பதுதான் மலிவான வழி.

கொம்பியூட்டர் எம்ப்ரொய்டரிக்குக் கொடுத்து வந்த சட்டையில் இது நடந்தால் வீட்டில் தொட வேண்டாம், பிரிக்கும்போது துணி ஓட்டையாகும். கொடுத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய், மெல்லிய துணிக்கு எந்தத் தாங்குதுணி வைத்தார்கள், பூவின் அடர்த்தியைக் குறைத்தார்களா என்று கேளுங்கள். அடுத்த முறை, வெட்டிய துண்டுகளைத் தைக்க முதலே கொடுங்கள். பிழைத்தால் ஒரு துண்டுதான் போகும்.

அப்ளிக் ஓரம் கிளம்புகிறது

அயனால் ஒட்டும் பசைத்தாளை மட்டும் நம்பியிருந்தால் சில கழுவல்களில் ஓரம் கிளம்பும். திரும்ப ஒட்டிவிட்டு ஓரம் முழுக்க அடர்ந்த சிக்சாக் போடுங்கள், அகலம் 3 மில்லிமீற்றர், நீளம் 0.4 அளவில். வெளிநோக்கி வளையும் ஓரத்தில் துணியைத் திருப்பும்போது ஊசி வெளித்துணியில் குத்தி நிற்க வேண்டும். உள்நோக்கி வளையும் இடத்தில் அப்ளிக் துண்டில் குத்தி நிற்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வளைவில் இடைவெளி விழும், அங்கிருந்துதான் இழை பிரியத் தொடங்கும்.

சட்டை போட்டால் பிள்ளை அழுகிறது, சொறிகிறது

பெரியவர்கள் இதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டையை உட்புறம் புரட்டி உங்கள் முழங்கையின் உள்பக்கத்திலும் கழுத்திலும் தேய்த்துப் பாருங்கள். விரல் நுனியை நம்பவேண்டாம், தைக்கிறவர் விரல் மரத்துப்போயிருக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி, வெட்டிவிட்ட நைலோன் நூலின் நுனி அல்லது நெற் துணியின் தையல் ஓரம். நூல் நுனியை உள்ளே புகுத்தி முடியுங்கள். நெற் ஓரத்தை மெல்லிய கொட்டனின் குறுக்கு வெட்டுப் பட்டியால் மூடித் தையுங்கள். கழுத்து லேஸ் குத்தினால், லேஸைத் தோலில் படாதபடி கழுத்து ஓரத்திலிருந்து அரைச் சென்ரிமீற்றர் கீழே இறக்கி வைக்கலாம். எம்ப்ரொய்டரியின் பின்பக்கம் குத்தினால் மென்மையான ஒட்டுத்துணியை மேலே ஒட்டிவிடுங்கள். கமக்கட்டில் சீக்குவின்ஸ் (மினுங்கும் சிறு தகடுகள்) வைத்திருந்தால் எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

கொட்டாஞ்சேனையில் முதல் நன்மைக்கு (கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள்) வெள்ளை நெற் சட்டை தைப்பவர்கள் முழு லைனிங் வைத்துவிடுங்கள். லைனிங் கொட்டனாகவே இருக்கட்டும். பூசை நேரம் முழுக்க, அதுவும் இந்த வியர்வையில், பொலியெஸ்ரர் லைனிங் போட்ட பிள்ளை நிம்மதியாக முழந்தாளிடாது.

தோலில் பிரஸ் பட்டன் படுகிற அதே இடத்தில் வட்டமாகச் சிவந்திருந்தால் அது உலோகத்திலுள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். பட்டனுக்குப் பின்னால் துணி வைத்து மூடுங்கள், அல்லது பிளாஸ்ரிக் வகைக்கு மாற்றுங்கள். சிவப்பு குறையாவிட்டால் தையல்காரியிடம் வரவேண்டாம், தோல் வைத்தியரிடம் போங்கள்.

பொத்தானோ மணியோ ஆடுகிறது

இங்கே மட்டும் என் ஒழுங்கு மாறும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடுப்பில் மணி, சீக்குவின்ஸ், ஒட்டும் கல் எதுவும் ஆடினால் திருத்தாதீர்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் இந்த வயதுக்கான பொருட்களைச் சோதிக்கிற உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது என்றுதான் கணக்கு. நாங்கள் வைக்கிற மணியும் பொத்தானும் ஏறத்தாழ எல்லாமே அடங்கும். பூவும் வண்ணத்துப்பூச்சியும் வேண்டுமென்றால் நூலால் எம்ப்ரொய்டரி செய்யுங்கள்.

பெரிய பிள்ளையின் சட்டையில் பொத்தான் ஆடினால் உள்ளே நூல் முடிச்சைப் பாருங்கள். மெசினால் தைத்த பொத்தானில் ஒரே நூல் சங்கிலியாக ஓடியிருந்தால் நுனியைப் பிடித்து இழுத்ததும் முழுதாகக் கழன்று வரும். அதை எடுத்துவிட்டுக் கையால், இரட்டைப் பொலியெஸ்ரர் நூலில், ஒவ்வொரு துளைச் சோடிக்கும் தனித்தனி முடிச்சோடு தையுங்கள். மெல்லிய துணியில் பின்னால் ஒரு சிறு துணித்துண்டோ தட்டைப் பொத்தானோ வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும்.

பிறகு சோதனை. பிள்ளைகளின் உடுப்பை ஏற்றுமதி செய்கிற கார்மன்ட்களில் பொத்தானைப் பிடித்து 90 நியூட்டன் விசையில் 10 செக்கன் இழுத்துப் பார்ப்பது வழக்கம். அது ஏறத்தாழ 9 கிலோ. பெட்டி நிறுக்கும் கைத்தராசின் கொளுக்கியில் பலமான நூல் வளையம் ஒன்றை மாட்டி, வளையத்தைப் பொத்தானுக்கு அடியில் சுற்றி, தராசு 9 காட்டும்வரை மெதுவாக இழுங்கள். பொத்தான் கழன்றால் தையல் போதாது. பொத்தான் நிற்கத் துணி கிழிந்தால் தாங்குதுணி போதாது. இப்படிச் சோதிக்க மனம் வராத மெல்லிய துணியென்றால் அதில் பொத்தான் வைப்பதையே யோசியுங்கள்.

இதோடு சேர்த்துக் கயிற்றையும் சொல்லிவிடுகிறேன். கழுத்திலும் தொப்பியிலும் இழுத்துக் கட்டும் கயிறு, குஞ்சம் வைத்த நாடா வேண்டாம். சறுக்கு மரத்திலும் பஸ் கதவிலும் சிக்கிப் பிள்ளைகள் இறந்ததால் அமெரிக்காவின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு 1996இல் இதற்கு வழிகாட்டல் வெளியிட்டது. இடுப்பிலோ கீழ் ஓரத்திலோ இழுக்கும் கயிறு வைத்தால், உடுப்பை முழுதாக விரித்தபோது வெளியே நீட்டுவது 7.5 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நடுவில் ஒரு தையல் போட்டு இழுத்து வராதபடி பிடிக்க வேண்டும். அழகுக்கு முடிச்சு வேண்டுமானால், கட்டிய போவை (வண்ணத்துப்பூச்சி முடிச்சை) அப்படியே தைத்துவிடுங்கள்.

பிரஸ் பட்டனைச் சுற்றித் துரு

கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு இது சாதாரணம். காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் அடியில் இரும்பு, மேற்பூச்சு உரிந்ததும் துருப்பிடிக்கும். பித்தளை ஒட்டாது. இரும்பானதை மாற்றிவிடுங்கள், நெயில் பொலிஷ் பூசுவதெல்லாம் சில வாரத்துக்குத்தான். வெள்ளைக் கொட்டனில் விழுந்த கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் வைத்துப் பிறகு நன்றாக அலசுங்கள். துருக்கறையில் குளோரின் வெளிற்றி ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகிவிடும். சுத்தியலால் அடித்துப் பட்டன் கோணிப்போனால் புறக்கோட்டையில் இயந்திரத்தால் அடித்துத் தருகிறவர்களிடம் கொடுங்கள். பட்டனின் மேற்பூச்சு உடையாமல் வரும்.

பட்டுப் பாவாடையில் வைத்த சேலைக்கரை கிழிகிறது

ஆடிவேலுக்கும் தீபாவளிக்கும் அம்மம்மாவின் கூறைச்சேலையை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைப்பார்கள். கரை கிழிந்து வந்தால் முதலில் பட்டைச் சோதியுங்கள். வெட்டாத ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்தி விரித்துப் பாருங்கள். மடித்த கோட்டில் இழை வெடித்தால் அந்தப் பட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. ஊசி குத்துகிற ஒவ்வொரு இடமும் கிழியும். மெல்லிய வொயிலை முழு நீளத்துக்கும் அடியில் வைத்து, கரையை அதன் மேல் கையால் பிடித்தால் ஒன்றிரண்டு விசேடங்களுக்குத் தாங்கும்.

பட்டு நல்லதாக இருந்தும் தையலோரம் மட்டும் கிழிந்தால், தையல் நெருக்கமாக இருந்திருக்கும். 3 மில்லிமீற்றர் நீளத்துக்கு மாற்றி, புது ஊசியால் தையுங்கள். சரிகை கறுத்திருந்தால் அதில் வெள்ளியோ செம்போ இருக்கலாம், தேய்த்துச் சுத்தம் பண்ண முயல வேண்டாம். பிளாஸ்ரிக் பையில் கட்டி வைக்காமல் பழைய கொட்டன் துணியில் சுற்றி வையுங்கள். சேலைக்கு வீட்டில் பெறுமதி இருந்தால், வெட்ட முதலே பட்டு வேலை தெரிந்த தையல்காரரிடம் காட்டுங்கள். வெட்டிய பிறகு அவராலும் அதிகம் செய்ய முடியாது.

ரிபன் நுனி பிரிகிறது, சாட்டின் மினுங்கிக் கருகிவிட்டது

ரிபனைச் சரிவாக வெட்டி, பொலியெஸ்ரர் என்றால் மெழுகுதிரிச் சுடருக்குப் பக்கத்தில் காட்டி உருக்குங்கள், சுடருக்குள் விடாமல். கொட்டன் ரிபன் உருகாது, மடித்துத் தையுங்கள். உருகி இறுகிய நுனி தோலில் படாத இடத்தில் வரட்டும். அயன் பட்டு உருகிய சாட்டினுக்கு மருந்து இல்லை. அந்த இடத்தில் ஒரு போ வைத்துத் தப்பித்துக்கொள்ளுங்கள்.

ரீசேட் கழுத்தில் லேஸ் வைத்தேன், தலை நுழையும்போது தையல் தெறிக்கிறது

நேர்த்தையல் இழுபடாது, துணி இழுபடும், நூல் அறுகிறது. பிரித்துவிட்டு முனை மழுங்கிய ஊசியால், ஒரு மில்லிமீற்றர் அகலமான சிக்சாக்கில் தையுங்கள். லேஸே இழுபடாத வகையென்றால் தையலை மாற்றியும் பயனில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் தலைச்சுற்று சுமார் 49 சென்ரிமீற்றர். லேஸ் வைத்த கழுத்தின் சுற்று அதற்குக் குறைவென்றால், இலாஸ்ரிக் லேஸுக்கு மாறுங்கள், அல்லது தோளில் திறப்பு விட்டு இரண்டு பட்டன் வையுங்கள்.

லேஸ் தைக்கும்போது மெசின் தையல் தவறவிடுகிறது

ஊசியை மாற்றுங்கள். பழைய ஊசி பார்வைக்கு நேராகத்தான் இருக்கும், இருந்தாலும் மாற்றுங்கள். பிறகு மேல் நூலைக் கழற்றி, பாதத்தைத் தூக்கிவிட்டு, முதலிலிருந்து கோருங்கள். பொபின் பெட்டிக்குள் பஞ்சு அடைந்திருந்தால் தூரிகையால் எடுத்துவிடுங்கள். நெற் துணியை மெசின் தகட்டுக்குள் இழுத்துக்கொண்டால் அடியில் மெல்லிய ரிஷூ தாள் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுங்கள். சீக்குவின்ஸ் மேலே ஓட்ட வேண்டாம். ஓடப்போகிற கோட்டில் உள்ளவற்றை நூலைக் காப்பாற்றி உடைத்தெடுத்து, இடத்தை வெறுமையாக்கித் தையுங்கள்.

புது ஊசி, சரியாகக் கோர்த்த நூல், சுத்தமான பொபின், சாதாரணப் பொப்ளின். இவ்வளவும் இருந்தும் தையல் தவறினால், அல்லது சில்லைக் கையால் சுற்றும்போது ஊசி எங்கேயோ இடிக்கிற சத்தம் கேட்டால், ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரம் விலகியிருக்கிறது. ஆணிகளைத் தளர்த்தி நீங்களே சரிபார்க்கப் போகாதீர்கள், மெசின் திருத்துபவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது பொப்ளின் துண்டோடு, பிழைக்கிற லேஸிலும் ஒரு துண்டை எடுத்து வைத்து, அதிலேயே தைத்துக் காட்டச் சொல்லுங்கள்.